நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

முக்காலியின் காலொன்றை மணலில் இன்னும் ஒரு அமுக்கு அமுக்கிக்கொண்டே, சூரியன் மேற்கே நிற்கும் பனைகளின் தலையைத் தொடுவதற்குள் சொல்லிவிடுவது என்று வயலட் தீர்மானித்துக்கொண்டாள். இது மூன்றாவது தீர்மானம். முதலாவது, வரும் வழியில் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது. கேட் திறந்ததும் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான், தீர்மானம் அங்கேயே இறங்கிக்கொண்டது. இரண்டாவது, தார்ச்சாலை முடிந்து தேரியின் செம்மணல் தொடங்கும் இடத்தில் கணவர் ஆசீரைக் காரிலிருந்து இறக்கியபோது. அவருடைய வலது கால் தானாக வெளியே வராது, இவள்தான் முழங்காலுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும், ஒரு மனுஷனின் காலைக் கையில் ஏந்திக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள். இப்போது மணி ஐந்து நாற்பது. ஆசீர் அங்கே இடது பக்க மேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலிக் கால்கள் புதையாமலிருக்க அடியில் கோணிச்சாக்கு, மடியில் பிளாஸ்க், பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல். அவருக்கும் அவளுக்கும் நடுவே இருபது அடி மணல். அவருக்கு முன்னால், அவளுக்கு முன்னால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்று கோடு போட்டுவைத்த சிவப்பு மணல், ஒரு காலடி இல்லாமல். காலடி இல்லாமல் இருப்பது தானாக நடந்ததில்லை. காரிலிருந்து நேராக நடந்தால் முப்பது எட்டு வைத்தால் போதும். இவள்தான் சுற்றிக் கூட்டிவந்தாள், கேமராவுக்குப் பின்பக்கமாக, அறுபது எட்டு, படத்தில் விழும் மணல் கலையக் கூடாதென்று. ஒரு கால் இழுபடும் மனுஷனை, மணலில், இன்றைக்கும். இன்றைக்குமா வயலட், என்று பாதி வழியில் உறைத்தது, ஆனால் அதற்குள் பாதி வழி வந்தாகிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷமாக இவளுடைய படங்களுக்காகச் சுற்றி நடந்தே பழகிய ஆள்.

லென்ஸின் வளையத்தைத் திருப்பினாள். கர கர என்றது. முன்பு அப்படி இல்லை, வெண்ணெயில் விரலை விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு திரும்பும். போன வருஷம் இதே மாசி மாதம் இதே மேட்டடியில் இதைக் கீழே போட்டுவிட்டு ஓடியபோது உள்ளே புகுந்த மணல் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மதுரைக்கு அனுப்பிச் சுத்தம் செய்யலாம் என்றார்கள். அனுப்பவில்லை. ஒன்றேகால் மீட்டர் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு வரும்போது சத்தம் கொஞ்சம் கூடும், அங்கேதான் ஒரு பெரிய மணல் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அங்கேயேதான் இவள் நிறுத்தவும் வேண்டும். வெளிச்சம் புகும் துவாரத்தைப் பதினொன்றில் வை, தூரத்தை ஒன்றேகாலில் வை, அதற்குப் பிறகு கண்ணே தேவையில்லை. காலடியில் கிடக்கும் உடைமுள்ளிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். தானாகப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும் லென்ஸ்கள் வந்து எத்தனையோ காலமாகிறது. இது அப்படியில்லை, இதற்கு ஒன்றும் தெரியாது, வைத்தது வைத்தபடி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுப் பெரிய டாக்டர் ஓய்வுபெற்றுப் போகும்போது கேமராவையும் இதையும் சேர்த்து இவளிடம் கொடுத்தார், நீதானம்மா ஆளை அசையவிடாம படம் எடுக்கத் தெரிஞ்சவ என்று. அது உண்மை. பத்தொன்பது வயதிலிருந்து அங்கே எக்ஸ்ரே எடுப்பதுதான் வேலை. மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க. அதற்கு முன்னால், எல்லாரும் வெளிய போங்க. அழும் பிள்ளையின் அம்மா மட்டும் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே நிற்கலாம், மற்ற அத்தனை பேரும் வெளியே. ஆசீர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். உள்ள போ, உள்ள போ, நடுவுல எடமிருக்கு பாரு, பாட்டையா உள்ள போரும். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிச் சிரிப்பார், நான் நாள் பூரா ஆளுவள உள்ள தள்ளுதேன், நீ நாள் பூரா வெளிய தள்ளுத, நல்ல ஜோடிதாம்ட்டி.

வெளியே தள்ளுவதில் இந்த லென்ஸ் ஆஸ்பத்திரியைவிட மோசம். அத்தனை அகலம் பார்க்கும். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள், முக்காலியின் கால் வரும், தன் நிழலே வந்து படுத்துக்கொள்ளும். ஓரத்தில் மாட்டினவர்களை இழுத்து அகலமாக்கிவிடும். ஆசீரின் அக்கா, சாராள் மதினியின் மகன் கல்யாணத்தில் குடும்பப் படத்தை இதில் எடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் தாய் என்று மரியாதையாக மதினியை ஓரத்தில் நிறுத்திவைத்து, படம் வந்தபோது மதினி தன்னைப்போல் ஒன்றரை ஆள் இருந்தாள். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி பெண்டாட்டி வேண்டுமென்றே தன்னைக் குண்டாக எடுத்தாள் என்று கிறிஸ்துமஸ் பலகாரம்கூட அனுப்பவில்லை. அந்த மதினிதான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், எங்க வயலட்டு மட்டும் இல்லேன்னா எந்தம்பி இன்னைக்கு மண்ணுக்குள்ள, ஒத்தப் பொம்பள, அந்தத் தேரிக்குள்ள இருந்து தூக்கிட்டு வந்திருக்கா பாத்துக்கிடுங்க. போன ஸ்தோத்திரப் பண்டிகையில் சபைக்கு நடுவே எழுந்து நின்று சாட்சி சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆசீரும் திரும்பிப் பார்த்தார், இடது கையால் இவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், பந்தயத்தில் ஜெயித்தவன் கையைத் தூக்குவதுபோல. வயலட்டுக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பலகாரம் அனுப்பாத மதினியே எவ்வளவோ மேல்.

சூரியன் இன்னும் பனைக்கு மேலே இரண்டு விரற்கடை. கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தாள். மணல் கோடுகளில் நிழல் விழத் தொடங்கிவிட்டது, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கருநீலம். இன்னும் பத்து நிமிஷம் போனால் தேரி முழுக்க எழுந்து நிற்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வருவது. அன்றைக்கும் அதற்காகத்தான் வந்தது. அன்றைக்கு அவர் அந்த மேட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தார், டிப்போவில் புதிதாக வந்த மேனேஜர் எப்படி வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார் என்று, நடித்துக் காட்டிக்கொண்டே. உங்க நெழல் விழுது, தள்ளிப் போங்க. தள்ளினார். இன்னும். தள்ளினார். இன்னும் விழுது, அந்தப் பக்கம் எறங்கி நில்லுங்களேன். ஊர்ல உள்ள மணல் பூரா ஒனக்குத்தான், நான் கடலுக்குள்ளதான் போயி நிக்கணும் போல, என்றபடி மேட்டின் அந்தப்பக்கம் இறங்கினார். அதுதான் அவர் முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம். அதற்குப் பிறகு அவர் முழு வாக்கியம் எதுவும் சொன்னதில்லை. நிழல் போயிற்று. மணல் சுத்தமாயிற்று. ஐந்து ஐம்பத்தெட்டு, முதல் படம். படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது, வினாடி வரை. அதற்குப் பிறகுதான் அவர் கூப்பிட்டது. வயலட்டு. ஒரு தரம். கூப்பிட்டது கேட்டது. கேட்கவில்லை என்று இந்த ஒரு வருஷத்தில் தன்னிடமே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள், காற்று என்று சொல்லிப் பார்த்தாள், மயில் என்று சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் நிற்கவில்லை, கேட்டது. கேட்டது மட்டுமா, பதிலும் சொன்னாள். ஒரு நிமிஷம், என்றாள். கண்ணை எடுக்காமல். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற அதே குரலில்.

ஏனென்றால் அவர் அப்படிப்பட்ட ஆள். பாம்பு என்பார், திரும்பினால் சிரிப்பார். எத்தனை தடவை. அதுதான் அன்றைக்கும் என்று நினைத்தாள். நினைத்தாளா? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வந்து முட்டிக்கொள்கிறது. விளையாட்டு என்று நினைத்ததால் போகவில்லையா, இல்லை, போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு அதற்காக விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாளா. வெளிச்சம் அப்படி இருந்தது. இந்தத் தேரிக்கு வந்துபோகும் பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை. இரண்டாவது தரம் கூப்பிட்டது சொல்லாக இல்லை, ஒரு இழுப்பு, பாட்டை ஆரம்பிக்கிறார் என்று நினைத்தாள், பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவருடையது, நிற்கிற இடத்தில் பாடுவார். ஆறு ஒன்று, இரண்டாவது படம். ஆறு இரண்டு, மூன்றாவது. ஆறு நான்கு, நான்காவது. முடிஞ்சிட்டு, வாங்க, என்றாள். பதில் இல்லை. பாட்டும் இல்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். முகம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, வாயோரம் மணல், வலது கை உடம்புக்கு அடியில். பார்த்தவுடன் பக்கவாதம் என்று தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்காரிக்குத் தெரியாதா. அவள் போட்ட கூச்சலில் முந்திரிக் காட்டில் காவலிருந்த இரண்டு பேர் ஓடிவந்து வேட்டியைத் தூளியாகக் கட்டித் தூக்கினார்கள். வழியில் ஒருவர் கேட்டார், எப்பம்மா விழுந்தாரு. முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன், கெடந்தாரு. அந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு டாக்டரிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள், மதினியிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பழகிப்போய் நிஜம்போல நடமாடத் தொடங்கிவிட்டது.

அதோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்து, அவர் தூங்கும் மத்தியானத்தில், சும்மா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். ஆறு ஒன்று, இரண்டாவது படம். இடது ஓரம், கீழ் மூலை. முதலில் உடைமுள் நிழல் என்று நினைத்தாள். முப்பது வருஷம் நிழலைப் பார்த்தே சம்பளம் வாங்கியவளுக்கு எத்தனை நேரம் அப்படி நினைக்க முடியும். மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்த நிழல். ஒரு தலை, ஒரு தோள், நீட்டிய ஒரு கை. நிற்கிற ஆளின் நிழல் இல்லை, மண்டியிட்ட ஆளுடையது. சாயங்காலம் அதை நீட்டியிருந்தது, லென்ஸ் இன்னும் நீட்டியிருந்தது, விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம், இவள் பக்கமாக. மூன்றாவது படத்தில் அந்த இடத்தில் வெறும் மணல். கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று? கேமராவோடு வந்த புத்தகத்தை எடுத்துத் தேடினாள். எழுதியிருந்தது. வ்யூஃபைண்டரில் தெரிவது படத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மீதி மூன்று படத்தில் விழும், கண்ணுக்குத் தெரியாது. அவர் அந்த மூன்றில் இருந்தார். கொஞ்ச நாள் இந்தக் கணக்கு ஆறுதலாக இருந்தது, தெரியவில்லை, தெரிய வழியில்லை என்று. பிறகு ஒரு நாள் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது நினைத்துக்கொண்டாள், கண்ணுக்குத்தானே மூன்று குறைவு, காதுக்கு நூற்றுக்கு நூறும் கேட்டதே. படத்தை அழிக்கவில்லை. சண்டே ஸ்கூல் பேப்பர் என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருக்கிறாள், அந்தப் பெயரைப் பார்த்தால் ஆசீர் கிட்டேயே வரமாட்டார்.

ஆறு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும். டாக்டர் பாராட்டினார், நாலரை மணி நேரத்துக்குள்ள வரணும், நீங்க ரெண்டு மணி பத்து நிமிஷத்துல கொண்டு வந்துட்டீங்க, பெரிய காரியம் சிஸ்டர். இரண்டு மணி பத்து. இரண்டு மணி நான்காக இருந்திருந்தால்? கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் சொல்லியிருப்பார், எல்லா டாக்டரும் எல்லாப் பெண்டாட்டிகளிடமும் சொல்வதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்த வகுப்பில் இவளும்தான் உட்கார்ந்திருந்தாள், திரையில் பெரிதாகப் போட்டார்கள், ரத்தம் போகாத ஒரு நிமிஷத்தில் மூளையில் பத்தொன்பது லட்சம் அணுக்கள் சாகும். ஆறு பத்தொன்பது நூற்றிப்பதினாலு. ஒரு கோடியே பதினாலு லட்சம். அதில் என்னென்ன இருந்தது? தண்ணீர் என்கிற சொல் அதிலா இருந்தது? மகளின் பெயரா? மேனேஜர் வேட்டி கட்டியதை நடித்துக் காட்டுகிற அந்த இடுப்பசைவா? கீர்த்தனை என்றால் இன்றைக்கும் நான்கு சரணமும் தடங்கலில்லாமல் பாடுகிறார், பாடி முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்கத் தெரியாமல் தட்டைத் தட்டுகிறார். அந்த ஆறு நிமிஷம் இல்லாமலிருந்தால் கேட்டிருப்பாரோ. இருக்காது. இருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்றுதான் இப்போதைய பயம். ஒன்றும் சொல்லமாட்டார், சொல்ல அவரிடம் சொல் இல்லை, அதுதான் பயம். நாளைக் காலையில் சவரம் செய்யக் கன்னத்தைக் காட்டுவார், அந்தக் கண் இவளைப் பார்க்கும், இத்தனை நாளும் பார்த்ததுபோல் பார்க்காது. குளியலறையில் எழுந்து நிற்கும்போது முழு எடையையும் கண்ணை மூடிக்கொண்டு இவள் தோளில் போடுவார், இனிமேல் போடமாட்டார். அப்படியானால் சொல்ல வேண்டாமே. சொல்லாமலே இன்னும் இருபது வருஷம், கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு, காப்பாத்துன மகராசி. முடியாது. அது முடியவே முடியாது.

மேட்டிலிருந்து சத்தம் வந்தது. ஊன்றுகோலால் நாற்காலிக் காலைத் தட்டுகிறார். “வயலட்டு.” இவள் கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். அவர் பிளாஸ்க்கைக் காட்டினார். ஓரமாகச் சுற்றிக்கொண்டு மேடேறிப் போனாள், சுற்றித்தான் போனாள், கால்கள் பழகிய வழியில் போயின. மூடியில் தேநீரை ஊற்றி இடது கையில் கொடுத்தாள். பாதி குடித்தார். மீதியை இவள் பக்கம் நீட்டினார். “எடு... எடுக்கல?” என்று கேமராவைப் பார்த்தார். “எடுக்கணும்.” “லைட்டு,” என்றார், தாடையால் மேற்கைக் காட்டி. “நல்ல... லைட்டு.” “ஆமா.” “போ. போ.” இருபத்தெட்டு வருஷமாக அவர் சொல்வதுதான், போ, ஒனக்கு லைட்டு போயிரும். அந்த முகத்தில் சந்தோஷம் வலது பாதியில் ஏறாமல் இடது பாதியில் மட்டும் ஏறியிருந்தது. கீழே மணலைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால், மேட்டின் சரிவில், இதே இடம்தான். அவருக்கு நினைவில்லை. தேநீர் குடித்தது வரை நினைவிருக்கிறது, அப்புறம் ஆஸ்பத்திரி விளக்கு. நடுவில் ஒன்றுமில்லை, அந்த நடுவை இவள் சொன்னபடி நம்பிக்கொண்டிருக்கிறார். சூரியன் பனைத் தலைக்கு மேல் ஒரு விரற்கடை. வயலட் மூடியைக் கீழே வைத்தாள். அவருக்கு முன்னால் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்தாள், அப்போதுதான் அவர் கண்ணும் தன் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்.

“ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க என்னயக் கூப்பிட்டீங்க,” என்றாள். அவர் புருவம் ஏறியது. “இங்க இருந்து, இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து. வயலட்டுன்னு கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சி. நான் வரல. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுப் படம் எடுத்துட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தேன், கெடந்தாருன்னு எல்லாருட்டயும் சொன்னது பொய். நீங்க ரெண்டு தரம் கூப்பிட்டீங்க. நான் வெளிச்சத்துக்காண்டி நின்னுட்டேன்.” சொல்லி முடித்தபோது, இவ்வளவுதானா, இதற்கா ஒரு வருஷம் என்று இருந்தது. ஆசீர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா? நீளமாகச் சொன்னால் சில சமயம் பாதியில் விட்டுவிடுவார், திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கடவுளே, இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால். அவர் வாய் திறந்து மூடியது. சொல்லைத் தேடுகிறார், டிக்கெட் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தேடுவதுபோல். “எத்தன,” என்றார். நிறுத்தினார். இன்னும் தேடினார். “எத்தன... நிமிசம்?” வயலட் பொய் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட வாய் தானாகத் தயாராக இருந்ததை உணர்ந்தாள். “ஆறு,” என்றாள். “படத்துல எழுதிருக்கு. ஆறு.” அவர் தலையைக் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். மடியில் மல்லாந்து கிடந்தது அது. இடது கையால் அதைத் தூக்கினார், தூக்கி வேறொருவருடைய பொருளை நகர்த்துவதுபோல் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இவள் அதைத் தொடக் கையை நீட்டினாள். அவர் இடது உள்ளங்கையை நேராக நிமிர்த்தி இவள் முகத்துக்கு முன்னால் நிறுத்தினார். “ஹோல்டான்,” என்றார்.

அந்தச் சொல் மட்டும் திக்கவில்லை, உடையவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸை நிறுத்திய சொல், அது அந்த ஒரு கோடியே பதினாலு லட்சத்தில் இல்லை. வயலட்டின் கை பாதியில் நின்றது. அப்படியே இறக்கி முட்டியில் வைத்துக்கொண்டாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குப் பின்னால் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அவர் சட்டையில் தெரிந்தது, கன்னத்து நரைமயிரில் தெரிந்தது, போன வருஷத்து வெளிச்சமேதான், அதே சிவப்பு, தேரி எழுந்து நின்றுகொண்டிருக்கும் இப்போது, ஒவ்வொரு கோடும். அங்கே வளையம் ஒன்றேகாலில் நிற்கிறது, துவாரம் பதினொன்றில் நிற்கிறது, போய் ஒரு விரலை அழுத்த வேண்டியதுதான். திரும்பமாட்டேன், என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முட்டியின் கீழ் மணல் இன்னும் சுட்டது. எவ்வளவு நேரம்? எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் விட்டுப்போயிற்று. ஹோல்டான் என்றால் இறங்க வேண்டிய ஆள் இறங்கும்வரை, ஏற வேண்டிய கிழவி கூடையோடு ஏறும்வரை, கண்டக்டர் மனசு வைக்கும்வரை. டிரைவர் ஏனென்று கேட்கக் கூடாது. அவர் ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா என்று பார்க்க இவளுக்குத் துணிச்சல் வரவில்லை, அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள், காலையில் இவளே போட்டுவிட்ட பொத்தான். அன்றைக்கு இவர் இப்படித்தானே இருந்திருப்பார், மண்டியிட்டு, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, இதோ வந்துவிடுவாள் என்று. இதைவிட நீளமாக இருந்திருக்கும். இதுவே இவ்வளவு நீளம். சட்டையிலிருந்த சிவப்பு மங்கியது, பழுப்பானது, பிறகு வெறும் வெள்ளைச் சட்டையானது. எங்கோ ஒரு மயில் கத்தியது. சூரியன் போய்விட்டது.

“எடு,” என்றார் ஆசீர்.

வயலட் நிமிர்ந்து பார்த்தாள். இடது கை கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தது. “வெளிச்சம் போயிட்டு,” என்றாள். குரல் கரகரத்தது, லென்ஸ் வளையம்போல. “எடு.” பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துத் தட்டினார். “என்ன.” தன்னை எடுக்கச் சொல்கிறார். “ஓரம்... வேண்டாம்,” என்றார். கன்னங்களை உப்பிக் காட்டினார், ஒரு பக்கம்தான் உப்பியது. சாராள் மதினி. வயலட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில் மூக்கு ஒழுகியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, எழுந்து, கேமராவுக்குப் போய், முக்காலியோடு சேர்த்து இடதுபக்கம் திருப்பினாள். மேடு, நாற்காலி, அதில் அவர், நட்ட நடுவே. அவருக்கு முன்னால் காலடி படாத இருபது அடி மணல், மேலே இருட்டப் போகிற வானம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்குள் நன்றாக உள்ளேயே இருந்தார். இந்த வெளிச்சத்துக்கு முப்பது வினாடி திறந்துவைக்க வேண்டும். “முப்பது செகண்டு,” என்று கூவினாள், “அசையக் கூடாது, பேசக் கூடாது, கேட்டீங்களா.” சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. அவர் இடது கையை ஆட்டினார், தெரியும் தெரியும் என்பதுபோல். அழுத்தினாள். கேமராவுக்குள் கதவு திறந்துகொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அசையாமல்தான் இருந்தார், இருந்தபடியே இருந்தார், வாழ்நாளில் பேசாமல் முழுசாக ஒரு படத்துக்கு நிற்காத மனுஷன். எட்டு. ஒன்பது. “வயலட்டு,” என்றார்.

இவள் வாயில் அந்த ஒரு நிமிஷம் வரவில்லை. கால்தான் போயிற்று. சுற்றிப் போகவில்லை. நேராக, திறந்திருக்கும் லென்ஸுக்கு முன்னால், சாயங்காலம் முழுக்கக் காத்துவைத்த மணலின் நடுவிலேயே ஏறினாள், காற்று போட்ட கோடுகள் ஒவ்வொன்றாக உடைந்தன, கணுக்கால் வரை புதைந்தது, செருப்பு ஒன்று கழன்று பின்னால் நின்றுவிட்டது. “என்ன? என்ன செய்யிது? தலை சுத்துதா?” மூச்சு வாங்கியது. வாய்க்கோணலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கையைத் தொட்டாள். எல்லாம் நேற்று இருந்தபடியேதான் இருந்தன. அவர் இவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார், ஒற்றைச் செருப்பையும் பார்த்தார். “ஏசுவேன்,” என்றார். தெளிவாக. “ஏசுங்க.” அவர் தேடினார். பொறுத்திருந்தாள், எடுத்துக் கொடுக்கவில்லை. “வீட்ல,” என்றார். “சரி. வீட்ல வச்சி ஏசுங்க.” ஊன்றுகோலால் நாற்காலிக்குப் பக்கத்துச் சாக்கில் தட்டினார். உட்கார்ந்தாள். அவருடைய எடை மெதுவாகச் சாய்ந்து இவள் தோளில் வந்தது, முழுதாக வரவில்லை, பாதி. பாதியாவது வந்ததே என்று தோளைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். கீழே டக் என்று கேமரா மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. அவர் காதைச் சாய்த்து அதைக் கேட்டார்.

“ரைட்,” என்றார்.